ஐந்தாம் கேள்வியின் நிறம்

ஐந்தாம் கேள்வியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் முத்திரை குத்தியிருந்தது. கண்டக்டர் சித்தி அதை வாசித்தபோது தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று வக்கீல் நினைத்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பஸ்ஸில் நிறுத்தத்தின் பேரைக் கத்துகிற அதே குரலில் சித்தி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பார்வைக் குறைபாடுள்ள தேர்வருக்கு இக்கேள்வியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது, சராசரி மதிப்பெண் வழங்கப்படும்.

வக்கீல் என்பது அவள் செய்யும் வேலையில்லை, வீட்டில் வைத்த பட்டப்பெயர். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கண் போய்விட்டது. அந்தக் கண்ணுக்கும் சேர்த்து வாய் வளர்ந்துவிட்டது என்பார் அப்பா. தூங்கப் போ என்றாலும் ஏன் என்று கேட்கும், சாப்பிட வா என்றாலும் எதற்கு என்று கேட்கும். அந்த வாய்தான் அவளை இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு வரை கொண்டுவந்து சேர்த்திருந்தது. இன்றைக்குக் கடைசித் தேர்வு. தாளின் பேர் அடிப்படைத் துகள்கள்.

மற்றவர்கள் கீழே பெரிய கூடத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு மட்டும் மூன்றாம் மாடியில், பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறை. ஒரு கால் குட்டையான மேஜை, சுற்றும்போது நாலு சுற்றுக்கு ஒரு தடவை பல்லைக் கடிக்கும் மின்விசிறி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. காவலுக்கு ஒரு புவியியல் ஆசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர். வந்ததும் மேஜைக்காலுக்குக் காகிதம் மடித்துக் கொடுத்தது அவர்தான்.

இவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குப் பாடம் துளியும் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. அந்தத் தகுதி சித்திக்குத் தாராளமாக இருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவள். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே எழுதிப் பழகிய கை. நின்ற இடத்தில் இருக்கும் மேஜையில் எழுதுவது அவளுக்கு ஓய்வு மாதிரி.

ஆனாலும் இருவரும் சேர்ந்து பழக ஆறு மாதம் ஆயிற்று. முதல் நாள் நடந்த கூத்தை இருவரும் மறக்க மாட்டார்கள். புரோட்டான் என்பது ஒரே உருண்டை இல்லை, அதற்குள் குவார்க்குகள் மூன்று. இரண்டுக்கு மேல் குவார்க் என்று பேர், ஒன்றுக்குக் கீழ் குவார்க். பேர்தான் அப்படி, மாடியும் தரையும் போல ஒன்றும் கிடையாது. இது போதாதென்று ஒவ்வொரு குவார்க்குக்கும் சுழற்சி என்றொரு குணம் உண்டு. அதற்கும் இரண்டே நிலைதான், அவற்றையும் மேல், கீழ் என்றே சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். வக்கீல், "மேல் மேல், மேல் மேல், கீழ் கீழ்" என்று சொன்னாள். சித்தி ஆறு அம்புக்குறிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, போருக்கா போகிறாய் என்று கேட்டாள். குவார்க் எது, சுழற்சி எது என்று ஒருவருக்கும் விளங்காத விடை அது. அன்று சாயங்காலம் வரை சண்டை. கடைசியில் வழி கண்டுபிடித்தது சித்திதான். சுழற்சிக்குத் தன் பஸ் பாஷையைக் கொடுத்தாள். மேல்நோக்கி இருந்தால் ஏறு, கீழ்நோக்கி இருந்தால் இறங்கு. அதன் பிறகு, "மேல் ஏறு, மேல் ஏறு, கீழ் இறங்கு" என்று வக்கீல் சொல்லச் சொல்ல, எழுத்தும் அம்பும் தப்பாமல் தாளில் விழுந்தன.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அதே வளாகத்தில் இருந்த ஆராய்ச்சிக் குழு ஒன்றில் ஒரு இடத்துக்காக. மூன்று குவார்க்குகள் சேர்ந்த துகள் பேரியான், ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது மேசான். இந்த இரண்டு குடும்பங்களின் நிறையையும் குவார்க்குகளிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டுக் காட்டுவது அந்தக் குழுவின் வேலை. வக்கீல் மூன்று வருஷமாக அந்த இடத்தைத்தான் குறிவைத்திருந்தாள். கணக்கெல்லாம் தலைக்குள்ளேயே ஓடும் வேலை, அதற்குக் கண் எதற்கு என்று அவளுக்கு ஒரு தைரியம். குழுவின் நிபந்தனை ஒன்றுதான். இந்தத் தாளில் எழுபத்தைந்துக்கு அறுபது வாங்க வேண்டும், அதுவும் எழுதி வாங்க வேண்டும். விலக்கு மதிப்பெண் சேராது.

ஐந்தாம் கேள்விக்கு இருபத்தைந்து. அது போனால் மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் எழுதினாலும் ஐம்பது. பட்டம் கிடைத்துவிடும், இடம் கிடைக்காது. வினாத்தாளைக் கையில் வாங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் அந்த இடம் போயிருந்தது.

கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். "குவார்க்குகளுக்கு நிறம் என்னும் பண்பு ஏன் தேவைப்பட்டது? பேரியானிலும் மேசானிலும் நிறங்கள் அமையும் விதத்தை வண்ணப் படத்துடன் விளக்குக. படமில்லாத விடைகள் ஏற்கப்படா."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. விஷயம் புரிந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் நிறம் என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார், இந்தப் பெண்ணுக்கு நிறம் எப்படித் தெரியும் என்று இரக்கப்பட்டிருக்கிறார், கோடு போட்டிருக்கிறார். மூன்றாம் கேள்வி குவார்க்குகளின் சுவைகள் பற்றியது. அதுவும் ஒரு பேர்தான், மேல், கீழ் போன்ற வகைகளுக்குச் சுவை என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதை அவர் தொடவில்லை. இவளுக்கு நாக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவைத்திருப்பார் போலிருக்கிறது.

புவியியல் ஆசிரியரிடம் சொன்னாள். அவர் பாவம், கைகளைப் பிசைந்தார். உங்கள் நன்மைக்குத்தானே செய்திருக்கிறார்கள் என்றார். கோடு போட்ட கேள்வியை எழுதினால் தாள் முழுவதும் ரத்தாகிவிடும், வேண்டாம் அம்மா என்றார். அடுத்த வருஷம் இதைப் பற்றி மனு கொடுக்கலாம் என்றும் சொன்னார். அடுத்த வருஷம் என்ற சொல்லை வக்கீல் முதல் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறாள். தடவிப் படிக்கும் புடைப்பெழுத்துப் புத்தகம் அடுத்த வருஷம் வரும், சோதனைச்சாலையில் இடம் அடுத்த வருஷம் கொடுப்போம், ஊன்றுகோலோடு ஏறப் படிக்கட்டுக்குக் கைப்பிடி அடுத்த வருஷம் வைப்போம். கேட்டுக் கேட்டு அந்த வார்த்தைமேல் அவளுக்கு அருவருப்பு வந்துவிட்டிருந்தது.

கோடு போட்டவர் யாரோ அவரை இங்கே வரச் சொல்லுங்கள் என்றாள். ஆசிரியர் தயங்கினார். வராவிட்டால் நான் இறங்கிப் போவேன், தேர்வறையை விட்டு வெளியேறினேன் என்று நீங்கள் எழுத வேண்டியிருக்கும் என்றாள். அவர் வராந்தாவில் போன ஒரு ஊழியரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

காத்திருந்த நேரத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. மனம் கொதித்தது, வாய் முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் கேள்வியும் முடிந்தது. நடுவில் சித்தி, "கொஞ்சம் தண்ணி குடி" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பதினொன்றேகாலுக்குக் கதவு திறந்தது. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு, சாவிக் கொத்தின் ஓசை, முத்திரை மையின் வாடை. விலக்குப் பிரிவின் எழுத்தர். அந்த வளாகத்தில் அவருக்கே விலக்கு என்றுதான் பேர், விலக்கு வருகிறார், விலக்கு சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். குரல் மெலிந்த, வயதான குரல். உட்காரவில்லை.

சண்டைக்கு வந்தவர் இல்லை அவர். நொந்துபோய் வந்திருந்தார். இந்த விதி நான் போராடி வாங்கியது என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன் வேதியியல் படித்த பையன் ஒருவனிடம், உப்பைத் தீயில் காட்டினால் சுடர் என்ன நிறம் ஆகிறது என்று பார்த்து எழுதச் சொன்னார்களாம். அவனுக்கும் பார்வை கிடையாது. பூஜ்யம் போட்டார்கள், படிப்பையே விட்டுவிட்டான். அதற்குப் பிறகு மேஜை மேஜையாக அலைந்து, நிறத்தைக் கண்டறிய வேண்டிய எந்தக் கேள்வியும் இவர்களுக்குக் கூடாது என்று ஒரு விதி வாங்கினேன் என்றார். ஒவ்வொரு தாளையும் வரி வரியாக நானே வாசிக்கிறேன், நிறம் என்று இருந்தால் விடமாட்டேன் என்றார்.

வக்கீல் திட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த சொற்களில் பாதி வீணாகிப்போயின. இப்படிப்பட்ட மனிதரை எப்படித் திட்டுவது? ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது, இடமும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இந்த நிறத்தை யாரும் பார்த்ததில்ல."

"யாரும்னா?"

"யாருமே. கேள்வி போட்டவரும் பார்த்ததில்ல. புத்தகம் எழுதினவரும் பார்த்ததில்ல."

அவர் நம்பவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவள் பொறுமையாகச் சொல்லத் தொடங்கினாள். டெல்டா என்று ஒரு துகள். உள்ளே மூன்று குவார்க், மூன்றுமே மேல் குவார்க், மூன்றின் சுழற்சியும் ஒரே பக்கம். அச்சு அசலாக ஒரே மாதிரி மூன்று. ஆனால் இந்த வகைத் துகள்களில் அச்சு அசலாக ஒரே நிலையில் இரண்டு கூடச் சேர்ந்து இருக்கக் கூடாது என்பது இயற்கையின் கண்டிப்பான சட்டம்.

"அதாவது சார், ஒரே சீட்டுல ஒரே நம்பர் டிக்கெட்டோட மூணு பேர்..." என்று சித்தி ஆரம்பித்தாள். மேஜைக்கடியில் வக்கீல் அவள் காலை ஓங்கி மிதித்தாள். எழுதுகிறவருக்குப் பாடம் தெரியும் என்று வந்தால் எழுதுகிறவரையே வெளியேற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் சித்திக்குத் தெரியாமலே கொஞ்சம் குவார்க் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் இருமிச் சமாளித்தாள்.

ஆகவே அந்த மூன்றுக்கும் நடுவில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தே தீர வேண்டும் என்று வக்கீல் தொடர்ந்தாள். மூன்று விதமாக வரக்கூடிய ஒரு வித்தியாசம். அதற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது, நிறம் என்று வைத்துவிட்டார்கள். அது வெளியே வரவே வராது. ஒரு குவார்க்கை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்தால், நடுவில் இருக்கும் கயிறு மாதிரியான விசை நீண்டுகொண்டே போகும், விட்டுக் கொடுக்காது. ஒரு கட்டத்தில் அறும். அறுந்த இடத்தில் புதிதாக ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் முளைத்துவிடும். தனிக் குவார்க்குக்காக நீட்டிய கைக்கு மேசான்தான் கிடைக்கும். அதில் நிறமும் அதன் எதிர்நிறமும் சரிக்குச் சரி. பேரியானில் மூன்று நிறமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். வெளியே நிற்பவருக்கு எப்போதும் நிறமில்லை.

பிறகு எழுத்தர் கேட்டார்.

"வெளிய தெரியாததுக்கு எதுக்குங்க நிறம்னு பேர் வெச்சாங்க?"

"அது அவங்க பண்ணின தப்பு சார். அதுக்கு எனக்கு ஏன் கோடு?"

புவியியல் ஆசிரியர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எழுத்தர் சிரிக்கவில்லை. அவர் கையோடு கொண்டுவந்திருந்த விதிப்புத்தகத்தைப் பிரித்து, அந்த விதியைத் தனக்குத்தானே வாசித்தார். நிறத்தைக் கண்டறிய வேண்டிய கேள்விகள். கண்டறிய என்ற சொல்லில் இரண்டு முறை நின்றார். யோசித்தார். அப்புறம் அவர் விரல் வினாத்தாளில், படமில்லாத விடைகள் ஏற்கப்படா என்ற வரிக்கு இறங்கியது.

விலக்கை நீக்குகிறேன் என்றார். ஆனால் விலக்கைப் பாதியாக நீக்க விதியில் இடமில்லை. நீக்கினால் வண்ணப் படத்துக்கும் சேர்த்துத்தான். அந்தப் படத்தை உங்கள் கையாலேயே போட வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் நீங்களே. உங்கள் சித்தி ஒரு சொல் உதவினாலும், ஏன், இங்கே யார் உதவினாலும் தாள் முழுவதும் ரத்து, இந்த வருஷப் பட்டமும் போகும். இதையெல்லாம் சொல்லி முடித்தவர் கெஞ்சுகிற மாதிரி, வேண்டாம் அம்மா, விலக்கோடு இருங்கள், பட்டமாவது நிச்சயம் என்றார்.

வக்கீல் பயந்தாள். பயப்படவில்லை என்று சொன்னால் பொய். அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது, அவர் இருமல் தெரியும். அந்த இருமலோடு அவர் காலையில், போய்ட்டு வாம்மா என்று சொன்னது ஞாபகம் வந்தது. பட்டம் போனால் அவரிடம் என்ன சொல்வது? சித்தியின் கை அவள் முழங்கையைத் தொட்டது. வேண்டாம் என்கிறாளா, போடு என்கிறாளா என்று அந்தத் தொடுகையில் தெரியவில்லை. சித்திக்கே தெரிந்திருக்காது.

"எங்க கையெழுத்துப் போடணும் சார்?"

அவர் பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார், பெருவிரல் வைப்பதற்கு. அவள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டாள். தாளின் விளிம்பை இடது கையால் தடவிப் பார்த்து, தன் பேரை முழுதாக எழுதினாள். சித்தி சொன்ன கணக்கில் கோட்டுக்குச் சற்று மேலேறிவிட்டதாம், மற்றபடி அழகான கையெழுத்தாம்.

மணி பதினொன்று ஐம்பது. ஒன்றரைக்கு முடிக்க வேண்டும். எழுத்தர் போகவில்லை, நிபந்தனையைக் காக்கச் சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் மூன்றாம் கேள்வியின் சுவைகளை விறுவிறுவென்று சொல்லி முடித்தாள். நாலாம் கேள்வி புரோட்டானின் உள்ளமைப்பு. "ரெண்டு தடவ மேல் ஏறு, மேல் ஏறு, கீழ் இறங்கு. அதிலேர்ந்து கழி, மேல் ஏறு, மேல் இறங்கு, கீழ் ஏறு. இன்னொண்ணும் கழி, மேல் இறங்கு, மேல் ஏறு, கீழ் ஏறு" என்று அவள் சொல்ல, எழுத்தர், யாரோ பஸ் நிலையத்தில் கத்துவது போல் இருக்கிறதே என்று புவியியல் ஆசிரியரிடம் கிசுகிசுத்தார். அதிலிருந்து புரோட்டானின் காந்தத் திறனுக்கும் நியூட்ரானின் காந்தத் திறனுக்கும் உள்ள விகிதத்தை வரவழைத்தாள். மைனஸ் ஒன்றரை. அளந்து பார்த்தவர்களுக்கும் அதற்கு மிக அருகில்தான் கிடைத்திருக்கிறது. மூன்று குவார்க்கை வைத்து இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட முடிகிறதே என்று எத்தனை முறை கணக்கிட்டாலும் அவளுக்கு உள்ளுக்குள் துள்ளும். இன்றும் துள்ளியது, இந்த நெருக்கடியிலும்.

ஐந்தாம் கேள்வியை அவள் அவசரப்படாமல் சொன்னாள். எழுத்தருக்குச் சொன்னதையே கணக்கோடு சொன்னாள். எந்த இரண்டு நிறத்தை இடம் மாற்றினாலும் மொத்தத்தின் குறி மாற வேண்டும், அப்படி மாறும் சேர்க்கை மூன்று நிறத்துக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று எழுதவைத்தாள். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டால் நிறத்தைக் கணக்கில் சேர்க்காதபோது எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு குவார்க்குகள் பிறக்கின்றன, நிறம் மூன்று என்பதற்கு அதுவும் சாட்சி என்றாள். ஒன்று ஐந்துக்குச் சித்தி பேனாவை வைத்தாள்.

"சித்தி, நீங்க எழுந்து சுவரைப் பாத்து நில்லுங்க."

இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் அத்தனை பேரையும் அதட்டியவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வண்ணப் பென்சில் யாரிடமும் இல்லை. புவியியல் ஆசிரியர் தன் துறைக்கு ஓடிப்போய், வரைபடத்துக்கு வாங்கி வைத்திருந்த பன்னிரண்டு பென்சில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திரும்பி வரும்போது ஒன்று பன்னிரண்டு. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுத்தரின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினார். எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அவர் நாக்கு துடித்திருக்கும்.

"சார், பெட்டி புதுசா?"

"பிரிக்கவே இல்லம்மா."

"பன்னெண்டும் வேற வேறதானே?"

அதற்குப் பதில் சொல்லலாமா என்று அவர் எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் பெட்டியை வாங்கி, முதுகில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, பன்னிரண்டும் வெவ்வேறு என்று அச்சிட்டிருப்பதைச் சொல்வது உதவியாகாது என்று தீர்ப்புக் கொடுத்தார்.

வக்கீல் தாளுக்கு அடியில் தன் ரப்பர் விரிப்பைப் பரப்பினாள். அதன்மேல் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாக விரலுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் முக்கோணமும் வட்டமும் அப்படித்தான் கற்றாள். தண்ணீர்ப் புட்டியின் அடிப்பாகத்தை வைத்துச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டாள். உள்ளே மூன்று இடத்தில் பென்சில் முனையால் குழி அழுத்தினாள். மூன்றையும் நடுவில் ஒரு புள்ளியில் சேர்த்துக் கயிறு இழுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, விரல் பட்ட முதல் பென்சிலை எடுத்தாள்.

எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மா, அது என்ன நிறம்னு உங்களுக்குத் தெரியாதே" என்றார்.

அவள் முதல் குவார்க்கை நிரப்பினாள். முடித்த பென்சிலைப் பெட்டியில் வைக்கவில்லை, வைத்தால் அதையே மறுபடி எடுத்துவிடலாம். கொண்டையில் செருகிக்கொண்டாள். இரண்டாவது பென்சில், இரண்டாவது குவார்க், அதுவும் கொண்டையில். மூன்றாவதற்கு முனை ஒடிந்தது. ஒடிந்ததைத் தரையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். நேரம் என்ன என்று யாரையும் கேட்கவில்லை, கேட்டால் கை தடுமாறும். மேசானுக்குச் சின்னதாக இன்னொரு வட்டம். ஒரு குவார்க்கை நிரப்பினாள். அதே பென்சிலால் பக்கத்தில் வெறும் வளையம் போட்டாள், எதிர்க்குவார்க்குக்கு.

"தப்பான நிறமா எடுத்திருந்தீங்கன்னா?" எழுத்தர் மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். வேதியியல் படித்த அந்தப் பையனை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார் போல. "எல்லாம் போயிடுமே அம்மா."

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதுல தப்பான நிறம்னு ஒண்ணு கிடையாது சார்."

சித்தியைத் திரும்பி வரச் சொன்னாள். படத்துக்குக் கீழே கடைசி வரியை எழுதவைத்தாள். இந்தப் படத்தில் எந்த மூன்று நிறங்கள் இருந்தாலும் ஒன்றே, அவை வெவ்வேறாக இருந்தால் போதும், எதை எதோடு மாற்றினாலும் புரோட்டான் மாறாது. நிறம் மூன்றும் சரிசமம் என்பதே இந்தக் கோட்பாட்டின் அடித்தளம். சித்தி முற்றுப்புள்ளி வைத்தபோது கீழே மணி அடித்தார்கள்.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் யாரும் நிறம் என்ற சொல்லையே பேசவில்லை. அம்மா துணி உலர்த்தும்போது கூட அந்தக் கட்டம் போட்டது, இந்தக் கோடு போட்டது என்றுதான் சொன்னாள். வக்கீல் வெளியே சிரித்துக்கொண்டும் உள்ளே செத்துக்கொண்டும் இருந்தாள்.

முடிவு ஆராய்ச்சிக் குழுவின் வராந்தாவில் ஒட்டப்பட்டிருந்தது. சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். வக்கீல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. சித்தி ஒரு முறைக்கு நாலு முறை வாசித்துச் சரிபார்த்திருக்கிறாள், பொல்லாதவள். அப்புறம் வராந்தா முழுவதும் அதிர அவள் தேர்வெண்ணைச் சொன்னாள், மதிப்பெண்ணைச் சொன்னாள், அறுபத்தாறு என்றாள், ஐந்தாம் கேள்விக்கு இருபத்து மூன்று என்றாள், தேர்வானவர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் தூணில் நெற்றியை வைத்து அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் நேராகப் போனது விலக்குப் பிரிவுக்கு. எழுத்தருக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது. அவர் எழுந்து நின்றதை நாற்காலியின் ஓசை சொல்லியது. வாழ்த்துச் சொன்னார், உட்காரச் சொன்னார், பிறகு வெட்கத்தோடு ஒரு சந்தேகம் கேட்டார். விலக்கை நீக்கியதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் என்று ஒரு கட்டம். ஒரு மாதமாக அதை நிரப்பாமல் வைத்திருக்கிறேன், எப்படி எழுதினாலும் சரியாக வரவில்லை, மேலே கேட்டுக் கேட்டு அனுப்புகிறார்கள் என்றார்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுறீங்களா சார்?"

பேனா மூடியைத் திறக்கும் ஓசை கேட்டது. அவள் சித்திக்குச் சொல்கிற அதே வேகத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இக்கேள்வியில் வரும் நிறத்தை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஆகவே இக்கேள்வியின் முன் எல்லாத் தேர்வர்களும் பார்வையற்றவர்களே.

பேனா பாதியில் நின்றது.

"எல்லாருமா அம்மா?"

"எல்லாரும்தான் சார். கேள்வி போட்டவரும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.